வெளிநாட்டு சைட்டில் வாரலீவு: அறையில் தூங்குவதா, ஊரைப் பார்ப்பதா?

ஜனவரி 18, 2025 – பெருந்துறையிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

"அண்ணா, நூல் மில்லுல ரிங் ஃபிரேம் மெஷினைப் பூட்டி நிறுத்தற எரக்‌ஷனுக்கு அடுத்த மாசம் தாஷ்கண்ட் பக்கம் போறேனுங்க. முதல் வெளிநாடு. நாலஞ்சு மாசம் ஆகும்னு சொல்றாங்க. கூட வர்ற சீனியர், 'ஞாயித்துக்கிழமையானா துணியத் தொவச்சுப் போட்டு, சோறாக்கித் தின்னுட்டுத் தூங்கோணும், ஊர் சுத்துனா காசும் போகும் ஒடம்பும் போகும்'ங்கறார். எனக்கு மனசு கேக்கல. பாக்க வேண்டிய இடம் லிஸ்ட் இருந்தாக் குடுங்க."

ஜனவரி 18, இரவு

லிஸ்ட் தர மாட்டேன் தம்பி. செல்போனில் தட்டினால் பத்து இடம், இருபது இடம் என்று கொட்டும். அதெல்லாம் மூன்று நாள் டூர் வருகிறவருக்கு எழுதியது. அவருக்கு நேரம் கிடையாது, ஓடி ஓடிப் பார்த்தாக வேண்டும். சைட்டுக்குப் போகிற நமக்கோ ஞாயிற்றுக்கிழமை திரும்பத் திரும்ப வருகிறது. ஒரே இடத்துக்கு வாராவாரம் போகிற வசதி டூரிஸ்டுக்குக் கிடைக்காது. அதை வைத்துக்கொண்டு நாமும் அவரைப் போல ஓடினால், இருக்கிற ஒரே அனுகூலத்தையும் விட்டுவிடுகிறோம். ஓர் இடத்தைப் பிடியுங்கள். அதற்கே மறுபடி போங்கள்.

தாஷ்கண்டில் நான் பிடித்துக்கொண்டது சோர்சு பஜார். நீல ஓடு பதித்த பெரிய கும்மட்டம், கீழே இறைச்சியும் பால்கட்டியும், மாடி வட்டத்தில் உலர் திராட்சை, பாதாம், அக்ரூட். முதல் தடவை கூட்டத்தையும் விலையையும் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அடுத்த வாரம் ரொட்டி அடுப்புகள் இருக்கிற பக்கம் நின்றேன். உருட்டிய மாவைத் தட்டையாக்கி, கூராணி பதித்த ஒரு மர அச்சால் நடுவில் குத்துகிறார்கள். குத்திய இடம் உப்பாது, பூப் போலக் கோலம் விழும், ஓரம் மட்டும் புசுபுசுவென்று எழும்பும். மேலே கருஞ்சீரகம் தூவி, திண்டு மாதிரி ஒரு மெத்தையில் வைத்து, தந்தூர் அடுப்பின் உள்சுவரில் சட்டென்று அறைகிறார்கள். வெளியே வரும்போது பொன்னிறம். சூடாக ஒன்று வாங்கி, பச்சைத் தேநீரோடு அங்கேயே பிட்டுத் தின்றேன். அந்த ஊரில் ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக்கூடாது. நான் கவனிக்காமல் வைத்ததைப் பக்கத்திலிருந்த பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் திருப்பி வைத்தார்.

அதற்கப்புறம் போனபோதுதான் ஊறுகாய்க் கடைகளில் நிற்கிற பெண்கள் பலர் கொரியர்கள் என்பதே தெரிந்தது. துருவிய கேரட்டைப் பூண்டும் மிளகாயும் போட்டுப் புளிப்பாகப் பிசைந்து குவித்து வைத்திருப்பார்கள். 1937-இல் ஸ்டாலின் ஆட்சி, சோவியத்தின் கிழக்குக் கோடியில் இருந்த கொரியர்களை, ஒன்றேமுக்கால் லட்சம் பேர் அளவில், ரயிலேற்றி மத்திய ஆசியாவுக்குத் தள்ளியது. அந்தக் குடும்பங்களின் பேரன் பேத்திகள் இவர்கள். ஒரே நாளில் பார்த்துவிட்டு ஓடியிருந்தால் எனக்கு இது கேரட் ஊறுகாயாக மட்டுமே இருந்திருக்கும்.

ஜனவரி 19, காலை

முக்கியமான ஒன்று விட்டுப்போச்சு. தாஷ்கண்ட் இருக்கிற உஸ்பெகிஸ்தானில் வெளிநாட்டுக்காரர் எங்கே தங்குகிறாரோ அந்த முகவரியில் பதிவு செய்ய வேண்டும். ஓட்டல் என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். மில் கெஸ்ட் ஹவுஸ் என்றால் கம்பெனி ஆள் செய்தாரா என்று நீங்களே கேட்டு, சீட்டை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் நேரத்துக்கு அரை மணி பின்னால். வீட்டுக்குப் போன் பேச அது நெம்ப வசதி.

ஜனவரி 19, இரவு

சோமனூர்க்காரர் ஒருவர், "பஜாரைத் தவிர வேறு எதுவும் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். மெட்ரோ இருக்கிறது. டிக்கெட் விலை நம்ம டவுன் பஸ் விலைதான். ஒரு முழு ஞாயிற்றை அதிலேயே கழிக்கலாம், நான் கழித்திருக்கிறேன்.

1977-இல் திறந்தது, மத்திய ஆசியாவின் முதல் மெட்ரோ. ஒவ்வொரு ஸ்டேஷனும் ஒரு மாதிரி. மில் ஆள் தவறாமல் இறங்க வேண்டியது பாக்தகோர். பருத்தி விளைவிப்பவர் பெயரில் ஒரு ஸ்டேஷன்! சுவர் முழுக்க நீலமும் பச்சையுமாக மொசைக், அதில் வெடித்த பருத்திக் காய்கள். பிளாட்ஃபாரத்தில் நின்று பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்ததிலிருந்து கோயமுத்தூரில் எத்தனை தலைமுறை பஞ்சில் உழைத்திருக்கிறது? பருத்திக்காரனுக்கு நாம் எங்கேயாவது இப்படிச் சுவர் எழுப்பினோமா?

அங்கேயே அலிஷேர் நவாய் ஸ்டேஷனுக்கு மாறலாம். அந்த லைனில் ஒரு பக்கம் போனால் சோர்சு, மறுபக்கம் போனால் கோஸ்மோனாவ்ட்லார். அங்கே சுவரில் விண்வெளி வீரர்கள் ககாரின், தெரெஷ்கோவா, அவர்களுக்கு முன்னோடியாகப் பழைய வானியல் அரசர் உலூக் பேக்.

ஜனவரி 20

மேலே எழுதியதோடு சேர்த்துக்கொள்ளவும். 2018 வரைக்கும் அந்த மெட்ரோவில் படம் எடுக்கத் தடை இருந்தது. அணுகுண்டு விழுந்தால் பதுங்குமிடம் என்று கட்டியதால் ராணுவ ரகசியம் மாதிரி வைத்திருந்தார்கள். இப்போது தாராளமாக எடுக்கலாம். பழைய ஆட்கள் "கேமராவை எடுக்காதே" என்று பயமுறுத்தினால் அவர்கள் போன காலம் அப்படி.

ஜனவரி 23

ஒருவர் கொஞ்சம் சூடாகவே எழுதியிருக்கிறார்: "பன்னண்டு மணி நேரம் நின்னுட்டு வர்றவனுக்கு ஊர் பாக்கறது ஒரு கேடா? நீங்க ஆபீஸ் இஞ்சினியரா இருப்பீங்க."

இல்லைங்க, நான் பிட்டராகத் தொடங்கியவன். அடி லைன் அடித்து, லெவல் பார்த்து, ஃபிரேமை ஒவ்வொரு பாகமாக நிறுத்தி, ஸ்பிண்டில் ஒவ்வொன்றாக மையம் பிடித்து முடிப்பதற்குள் முதுகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். குளிர்காலத்தில் கூரை போட்டும் ஹீட்டிங் வராத ஷெட்டில், இரும்பைத் தொட்டால் கை ஒட்டுகிற குளிரில் போல்ட் முடுக்கியிருக்கிறேன். ஆகவே சீனியர் சொன்னதில் பாதி சரி என்று முதல் நாளே எழுதியிருக்க வேண்டியது. முதல் சில வாரம் தூங்குங்கள். உடம்பு அந்தத் தண்ணிக்கும் குளிருக்கும் சோத்துக்கும் பழகட்டும். நோவு வந்து படுத்தால் பார்த்துக்கொள்ள அப்புச்சியும் ஆத்தாளும் அங்கே இல்லை.

ஆனால் அறையிலேயே கிடந்த ஆட்களையும் பார்த்திருக்கிறேன். ஞாயிறு முழுக்க ரீல்ஸ், மத்தியானம் கோழிக்குழம்பு, பொழுதோட சண்டை. எட்டுப் பேர் ஒரே கெஸ்ட் ஹவுஸில் மாசக்கணக்கில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தால், உப்பு கூடிப்போச்சு என்பதற்கே கை ஓங்குகிற நிலை வரும். வாரத்தில் அரை நாளாவது தனியாக வெளியே போகிறவன் திங்கட்கிழமை தெளிவாக வருகிறான். நான் முழுநாள் கேட்கவில்லை. காலையில் தூங்குங்கள், பதினோரு மணிக்குக் கிளம்புங்கள், பொழுது சாய்வதற்குள் திரும்புங்கள்.

ஜனவரி 24

"தனியாக" என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் கேட்டார்கள். ஆமாம், தனியாகத்தான். நம்மாட்கள் நாலு பேர் சேர்ந்து போனால் நாலு பேரும் தமிழில் பேசிக்கொண்டு, மில்லைப் பற்றிப் பேசிக்கொண்டு, ஊரைப் பார்க்காமலேயே திரும்பி வருவோம். உள்ளூர் ஆள் ஒருவர் கூட வந்தால் அது வேறு. மில்லில் நமக்கு ஒத்தாசைக்கு விடுகிற உள்ளூர்ப் பையன்களில் ஒருவர் கட்டாயம் "எங்க வீட்டுக்கு வாங்க" என்பார். போங்கள். வீட்டுக்கு வந்த ஒறம்பரையை, அதாவது விருந்தாளியை, கவனிப்பதில் அவர்கள் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை. வெறுங்கையோடு போக வேண்டாம், பழமோ இனிப்போ வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜனவரி 29

டாக்கா போகிறவர்களுக்கும் எழுதச் சொன்னார்கள். அங்கே வாரலீவு வெள்ளிக்கிழமை. காலையில் பழைய டாக்கா அடங்கிக் கிடக்கும், ஜும்மா தொழுகை முடிந்ததும் மறுபடி மூச்சு முட்டும். அதனால் வெள்ளி காலைதான் நடக்க ஏற்றது. 1781-இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம், இளஞ்சிவப்பு நிற அஹ்சான் மன்சில், அப்படியே நடந்தால் சதர்காட் படித்துறை. புரிகங்கை ஆற்றில் மூன்றடுக்கு லாஞ்சுகளின் இடுக்கில் சின்னச் சின்னத் துடுப்புப் படகுகள் அக்கரைக்கு ஆளை ஏற்றிக்கொண்டு போகும். தண்ணி கருப்பு, நாற்றம் உண்டு. இருந்தாலும் ஒரு தடவை கடந்து பாருங்கள்.

எனக்கு டாக்காவில் மறுபடி மறுபடி போகத் தோன்றியது ஊருக்கு வெளியே, சீதலக்யா ஆற்றங்கரையில் ஜாம்தானி நெய்கிற வீடுகள். 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த நெசவு அது. நம்ம பவானி ஜமக்காளம் போலக் குழித்தறி. ஒரு தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிறார்கள், வலப்புறம் ஆசான், இடப்புறம் கற்றுக்கொள்கிறவர். ஊடை ஓடிய பிறகு, மூங்கில் குச்சியில் சுற்றிய தடித்த நூலை, பாவின் இத்தனை இழைக்கு அடியில் என்று விரலால் எண்ணி நுழைத்து எடுக்கிறார்கள். எதிரில் வரைபடம் எதுவும் இல்லை. ஆசான் முனகுகிற மாதிரி ஏதோ சொல்கிறார், பக்கத்துப் பையன் விரல் அதற்கேற்ப நகர்கிறது. நான் பார்த்துக்கொண்டிருந்த அவ்வளவு நேரத்திலும் துணி ஒரு விரற்கடை கூட வளரவில்லை. நூலின் சன்னத்தை எண்பதாம் கவுண்ட், நூறாம் கவுண்ட் என்று மில்லில் பேசுகிறோமே, அந்த நூல் போய்ச் சேருகிற விரலை அன்றைக்குத்தான் பக்கத்தில் பார்த்தேன். ஒரு சேலைக்கு விலை கேட்டுப் பேரம் பேச வாய் வரவில்லை.

ஜனவரி 30

வேளாண் பல்கலையில் ஆராய்ச்சி செய்கிற ஓர் அம்மிணி கேட்டிருக்கிறார்: மண் மாதிரி எடுக்க வெளிநாடு போக வேண்டியிருக்கிறது, பெண் தனியாகச் சுற்றலாமா?

தாஷ்கண்ட் மெட்ரோவில் இரவு ஒன்பது மணிக்கும் பெண்கள் தனியாகப் போவதைப் பார்த்திருக்கிறேன். டாக்கா மெட்ரோவில் பெண்களுக்கென்று ஒரு பெட்டி உண்டு. ஆனால் அம்மிணி, நான் ஆம்பளை. எனக்குப் பட்டது உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மனசு வரவில்லை. போய் வந்த பெண்கள் யாராவது இங்கே எழுதுங்கள்.

பிப்ரவரி 2

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி ஆள் ஒருவரின் குறிப்பு மனசைப் பிடித்து நிறுத்தியது: "எங்களுக்கு ஆப்பிரிக்காவில் போர் போடற எடந்தான் ஊர். நகரமே கண்ணுல படாது. கேம்ப்பு, கம்ப்ரசர் சத்தம், அடுத்த பாயிண்ட்."

உண்மைதான். ஊரைப் பார் என்று நான் சொல்வது மில் ஆளுக்கு. ரிக்காரர் உலகம் வேறு. ஆனால் தண்ணி பீறிட்டு வருகிற நிமிஷத்தில் ஒரு கிராமமே குடத்தோடு ஓடி வருவதைப் பார்க்கிறவர் அவர். அதை யாராவது எழுதி வைக்க வேண்டும். நீங்களே எழுதுங்கள் அண்ணா.

பிப்ரவரி 5

அவர் எழுதியது எத்தியோப்பியாவை ஞாபகப்படுத்திவிட்டது. ஹவாசா ஏரிக்கரை ஊரில் இருந்திருக்கிறேன். சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்படாமல் போகக்கூடிய நாடு என்றால் எத்தியோப்பியாவைத்தான் சொல்வேன். அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் நோன்பு, ஈஸ்டருக்கு முன் 55 நாள் நோன்பு. கறி, முட்டை, பால் எதுவும் கிடையாது. அன்றைக்கு எந்தக் கடையிலும் நோன்புத் தட்டு கேட்டால் போதும். தெஃப் என்ற சிறுதானிய மாவைச் சில நாள் புளிக்க வைத்துச் சுட்ட இஞ்செரா, புளித்த ராகி தோசை மாதிரி, தாம்பாளம் அகலத்துக்கு விரித்திருக்கும். அதன் மேலேயே மசூர் பருப்பு, கடலை மாவுக் குழம்பு, கீரை எல்லாம் குவியல் குவியலாக. எல்லாரும் ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். அரிசியும்பருப்புச் சோற்றுக்கு ஏங்கிக் கிடந்த எங்கள் ஆட்கள் அதைக் கண்டபின் புதன்கிழமைக்குக் காத்திருந்தார்கள்.

ஹவாசாவில் காலையில் மீன் சந்தை. படகு கரைக்கு வந்ததும் பையன்கள் மீனை அங்கேயே அறுக்கிறார்கள். அவர்களைச் சுற்றி, இடுப்பு உயரத்துக்கும் மேலான மராபு நாரைகள், வழுக்கைத் தலையும் தொங்கும் கழுத்துப் பையுமாக, குடலுக்காக வரிசையில் நிற்கின்றன. கத்தி மீனைத் தொடுகிற சத்தத்துக்கு எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும். மனுஷனைக் கண்டு அதற்குத் துளியும் பயமில்லை.

பிப்ரவரி 6

எத்தியோப்பியா போகிறவர்கள் நேரத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே பகல் விடிந்ததிலிருந்து எண்ணுகிறார்கள். நம்ம காலை ஏழு, அவர்களுக்கு ஒரு மணி. டிரைவர் மூணு மணிக்கு வருகிறேன் என்றால் அது காலை ஒன்பதாக இருக்கலாம். நாட்காட்டியும் வேறு, 13 மாதம். நம்ம 2025 பிப்ரவரியில் அங்கே 2017 நடந்துகொண்டிருந்தது. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் நம்ம விமான நிலையத்திலேயே பிடித்து வைப்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே அது செல்லும். கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள்.

பிப்ரவரி 11

இரண்டு நாளாகத் தூக்கம் வராமல் ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறேன். பாக்தகோர் ஸ்டேஷன் மொசைக்கைப் பெருமையாக எழுதினேன். அது பாதிக் கதை. அந்தப் பருத்திக்காகத்தான் 1960-களிலிருந்து ஆமு, சிர் என்ற இரண்டு ஆறுகளின் தண்ணியைக் கால்வாயில் திருப்பினார்கள். ஆரல் கடல் வற்றி, மீன்பிடித்த ஊர்களில் கப்பல்கள் மணலில் நிற்கின்றன. பருத்தி எடுக்க மாணவர்களையும் ஆசிரியர்களையும் நர்சுகளையும் கட்டாயமாக வயலுக்கு அனுப்பிய காலமும் இருந்தது. அதனால் உலகத்துப் பெரிய துணி பிராண்டுகள் பல உஸ்பெக் பருத்தியைப் புறக்கணித்தன. அரசாங்கம் நிறுத்திய பிறகு, 2022 மார்ச்சில்தான் அந்தப் புறக்கணிப்பு விலகியது. இன்றைக்கு நம்ம ஊர் ஆட்களுக்கு அங்கே இவ்வளவு எரக்‌ஷன் வேலை இருப்பதற்கு, பஞ்சாக ஏற்றாமல் அங்கேயே நூலாக்க வேண்டும் என்று அவர்கள் எடுத்த முடிவும் ஒரு காரணம்.

நொய்யல் கரையில் வளர்ந்தவனுக்கு இது அடுத்த வீட்டுக் கதை இல்லை. விவசாயத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணி தேங்கி, எந்தக் காட்டுக்குத் தண்ணி விட வேண்டுமோ அந்தக் காட்டுக்காரரே "திறக்காதே" என்று கோர்ட்டுக்குப் போனார்கள். 2011-இல் உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. அந்த உத்தரவு சரியென்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். தம்பி, அந்த மொசைக் முன்னால் நிற்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். சுவர் அழகாகத்தான் இருக்கிறது. நானும் மறுபடி போவேன்.

பிப்ரவரி 12

பாஸ்போர்ட் பற்றி இதுவரை எழுதாதது தப்பு. ஒரு நாட்டில், எங்களை அழைத்துப்போன ஏஜென்ட் இறங்கினதும் எல்லார் பாஸ்போர்ட்டையும் "பத்திரமாக இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டார். லீவு நாளில் ஊருக்குள் போலீஸ் கேட்டால் காட்ட எங்களிடம் ஜெராக்ஸ் மட்டும். திரும்ப வாங்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. நம்ம பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசாங்கத்தின் சொத்து, எந்த முதலாளிக்கும் அதைப் பிடித்து வைக்க உரிமை இல்லை. விசா வேலைக்குக் கொடுத்தால் எப்போது திரும்ப வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இந்தியத் தூதரக நம்பரைப் போனில் மட்டும் வைக்காமல் பர்ஸில் ஒரு துண்டுச் சீட்டிலும் எழுதி வையுங்கள்.

மார்ச் 9

பெருந்துறைத் தம்பி போய்ச் சேர்ந்துவிட்டார்! சோர்சுவுக்கு இரண்டாம் தடவை போனபோது ரொட்டிக்காரர் கையசைத்தாராம். சீனியரும் கூட வரத் தொடங்கியிருக்கிறாராம். படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. நம்ம பழைய பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி பெயரில் ஒரு தெருவும் மார்பளவுச் சிலையும் இருப்பதைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறார். 1966 ஜனவரி 10-இல் பாகிஸ்தானோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்று நள்ளிரவு தாண்டி சாஸ்திரி இறந்துபோன ஊர் அது. அதே வருஷம் ஏப்ரல் 26 விடியற்காலையில் நிலநடுக்கம், ஊரே மறுபடி கட்டியது. அந்த நினைவுச் சின்னத்தில் பிளந்த கல் ஒன்று இருக்கும், அதையும் பாருங்கள்.

இப்போது கேட்கிறார்: சமர்கந்துக்கு ஒரே ஞாயிற்றில் போய்த் திரும்பலாமா?

போகலாம். அஃப்ரோசியோப் என்ற வேக ரயில் 344 கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். காலை வண்டியில் போய் மாலை வண்டியில் திரும்புங்கள். ரெஜிஸ்தான் சதுக்கத்துக்கு எல்லாரும் போவார்கள், நீங்களும் போங்கள். ஆனால் அரை மணி நேரம் மிச்சம் வைத்து உலூக் பேக் வானாய்வகத்துக்கு ஏறுங்கள். 1420-களில் கட்டியது. மேலே இருந்ததெல்லாம் இடிந்துபோய், பூமிக்குள் இறங்கிய பளிங்கு வளைவு மட்டும் பாக்கி. அதையும் 1908-இல்தான் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். வளைவில் வெட்டிய பாகைக் கோடுகளைப் பாருங்கள். லெவலும் அலைன்மென்ட்டும் பார்த்துப் பழகின கண் உங்களுடையது, டூர் கூட்டத்தை விட உங்களுக்கு அது கூடுதலாகப் புரியும். டிக்கெட்டை இன்றைக்கே போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வண்டி சீக்கிரம் நிறைந்துவிடும். பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுங்கள், ஸ்டேஷன் வாசலிலேயே சரிபார்ப்பார்கள்.